துரு கேட்டு வந்தவர்

மந்தாரக்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவனிடம் ஜனங்கள் எதையெதையோ கேட்டு வருவார்கள். ஷாஃப்ட் கடைந்து கொடு என்பார்கள், உள்ளே முறிந்துபோன போல்ட்டை வெளியே எடு என்பார்கள். ஒருத்தர் தன் மாமனாரின் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, "ஓரம் குத்துதாம், லேசா ராவி வுடுங்க" என்றார். அதையும் செய்து கொடுத்தேன். ஆனால் துரு கேட்டு வந்தவர் அந்த அம்மாள் ஒருவர்தான்.

"ஓனர், துரு இருக்குதா?"

கையில் பிளாஸ்டிக் வாளி, தோளில் ஹேண்ட்பேக், புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் அனல்மின் நிலையத்தின் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை, பெர்மனென்ட். எங்கள் பட்டறையில் எல்லோரும் 'மேடம்' என்போம்.

"நம்ம பட்டறையில துருங்கிற பேச்சுக்கே எடமில்லீங்க மேடம்" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்படியா? பக்கத்துல மோசமான பட்டறை எதுனா இருந்தா சொல்லுங்களேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? வேறு பட்டறையைக் கைகாட்டினால் அவன் என்மேல் சண்டைக்கு வருவான். அதற்குள் அவர் கண் லேத்துக்கு அடியில் போய்விட்டது. கடையும்போது விழுகிற இரும்புச் சுருள் அங்கே குவிந்து கிடந்தது.

"இதெல்லாம் எங்க போவுது?"

"காயலான் கடைக்கு."

"அங்கேந்து?"

"லாரியில ஏத்துவாங்க."

"லாரி எங்க போவுது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"எங்க போவுதுன்னு தெரியாமயா இத்தன வருஷமா அனுப்பிகினு இருக்கீங்க?" என்றாரே பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முழுக்க அந்த லாரியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை.

அதுதான் அவர். எதைப் பார்த்தாலும் 'எங்கிருந்து வருகிறது' என்று கேட்கமாட்டார். வருவதைப் பற்றி அவருக்கு அக்கறையே கிடையாது. போவதுதான். டீக்கடையில் கிளாஸ் அலசிய தண்ணீரைக் கடைக்காரர் தெருவில் விசிறி ஊற்றினால், டீயைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தண்ணீரின் பின்னால் நடப்பார். கோயிலில் பாலாபிஷேகம் நடக்கும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவர் மட்டும் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், பால் விழுகிற இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். குருக்கள் இவருக்கு மட்டும் விபூதியைத் தூரத்திலிருந்தே போடுவார்.

அவர் பிளாக்கில் இருந்த ஒரு வீட்டுக் கல்யாணம். நானும் போயிருந்தேன். கெட்டிமேளம் கொட்டுகிறபோது மேடத்தைக் காணவில்லை. பந்தி முடிகிற நேரத்துக்குப் பட்டுப்புடவையில் முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார். கை கழுவுகிற தண்ணீர் போகிற வழியிலேயே போயிருக்கிறார். நேரே மேடை ஏறி, அட்சதையைப் போட்டு, "நல்லா இருங்கப்பா. இந்த மண்டபத்துச் சாக்கடை கோயில் கொளத்துல போய் வுழுவுது" என்று வாழ்த்தினார். போட்டோவில் மாப்பிள்ளை திருதிருவென்று விழிப்பது அதனால்தான். பாவம், அவன் என்ன செய்வான்?

சரி, துரு எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய சொந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஊருக்குக் கீழே ஒரு ஏரி. வயல்களின் வடிகால் எல்லாம் அதில்தான் விழுகிறது. போன மாட்டுப் பொங்கலுக்கு அவருடைய தம்பி தன் வெள்ளைக் காளையை வழக்கம்போல ஏரியில் இறக்கிக் கழுவியிருக்கிறார். காளை பச்சையாக ஏறி வந்திருக்கிறது. கழுத்திலிருந்து வால்வரை பச்சை. கொம்புக்கு ஏற்கெனவே சிவப்புப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்களாம். ஊரே கைதட்டிச் சிரித்திருக்கிறது. தம்பி ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷர். அவமானம் தாங்காமல் அங்கேயே நின்று, "இது ஏரியா? நாத்தம் புடிச்ச குட்ட! மண்ணப் போட்டு மூடிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம்" என்று சொல்ல, எல்லோரும் ஆமாம் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே மீன் செத்து மிதந்து, நாற்றம் தாங்காமல் இருந்தவர்கள்தானே.

"பச்சை எதனால மேடம்?"

"வயலுக்கு டிஏபி உரத்த மூட்ட மூட்டயா கொட்டறாங்க இல்ல? அதுல பாஸ்பரஸ் இருக்குது. பயிரு தின்னது போவ மிச்சம் தண்ணியோட கெளம்பி வடிகால்ல வருது. ஏரியில பாசி அதத் தின்னுட்டுக் கொழுக்குது. அப்பறம் பாசி செத்து அழுவுது. அழுவறப்ப தண்ணியில இருக்கற காத்தெல்லாம் தீந்துபோவுது. மீனு மூச்சு முட்டிச் சாவுது. வடிகால் வாயில துருவையும் மணலையும் கலந்து ஒரு தொட்டி வச்சிட்டா, துரு அந்த பாஸ்பரஸைப் புடிச்சுக்கும். வுடாது."

"அந்த ஏரின்னா உங்களுக்கு அவ்ளோ ஆசையா?"

"ஆசையா! சின்ன வயசுல அதுல முழுவிச் சாவக் கெடந்தேன். எறங்குனா அட்ட கடிக்கும். எனக்கு அதப் புடிக்கவே புடிக்காது."

"பின்ன மூடிட்டுப் போறாங்க, விடுங்களேன்."

"மூடிட்டா தண்ணி எங்க போவும்? அத மட்டும் சொல்லுங்க."

லேத் நின்றது. ஆறுமுகம்தான் நிறுத்தினார். எங்கள் பட்டறையின் பெரிய டர்னர், என்னைவிட மூத்தவர். அவரும் அதே ஊர்தான், ஏரிக்கரைத் தெரு. அவருடைய அப்பா அம்மாவெல்லாம் மேடம் வீட்டு வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் லேத் கற்றுக்கொண்டு தினமும் பஸ் ஏறி இங்கே வருகிறார்.

"எங்க தெருவுக்குத்தாங்க வரும்" என்றார். "வேற எங்க போவும்? பள்ளம் அதுதான். வருஷா வருஷம் வாசப்படி வரைக்கும் வருது. ஏரி இல்லன்னா வூட்டுக்குள்ளதான்."

மேடம் அவரை ரொம்பத் திருப்தியோடு பார்த்தார். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டதற்கு அவருக்குச் சரியான பதில் சொன்ன முதல் ஆள் ஆறுமுகமாகத்தான் இருக்க வேண்டும்.

மேடம் தம்பியிடம் பந்தயம் மாதிரி பேசி வைத்திருந்தார். ஒரே ஒரு மழைக்காலம். அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் காளை வெள்ளையாக ஏறி வந்தால் ஏரி ஏரியாகவே இருக்கும். பச்சையாக வந்தால் மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டலாம். தம்பியும் ஊர் முன்னால் சிரித்துக்கொண்டே சரியென்று சொல்லிவிட்டார். அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் சொன்னார் பாருங்கள், அதுதான் விதி.

அன்றிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. இரும்பில் துரு பிடிக்காமல் பார்ப்பதற்கென்றே எண்ணெயும் கிரீஸும் வாங்கி வாழ்ந்தவன் நான். இப்போது கொல்லையில் தகரம் விரித்து, இரும்புச் சுருளைப் பரப்பி, காலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். டியூட்டிக்குப் போகும் முன்பு மேடத்தின் போன் வந்துவிடும். "துருவுக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா? நல்லா வந்திருக்குதா? செவப்பா இருக்குதா, கறுப்பா இருக்குதா?" பக்கத்துக் கடைக்காரன், "என்னா ஓனரே, அறுப்பு எப்போ?" என்று கேட்பான். மானம் போயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துரு நன்றாகத்தான் வந்தது. செம்மண் நிறத்தில், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிற பதத்தில் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

சம்பா நடவு முடிந்து அடியுரமும் போட்டாகிவிட்டது. முதல் பெருமழைதான் உரத்தை மொத்தமாக அடித்துக்கொண்டு வருமாம். அதற்குள் தொட்டியில் துரு இறங்க வேண்டும். செங்கல் தொட்டியை மேடம் தன் செலவில் கட்டி முடித்திருந்தார். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் துருவை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கப் பண்ருட்டிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஐயோ!

பூஜைக்கு எடுத்து வைத்த சாமான்களுக்கு நடுவே, வாழையிலைமேல், மொத்த இரும்புச் சுருளும் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்தது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம். ஆறுமுகமும் மற்ற ஆட்களும் நான் கிளம்பியதிலிருந்து சாப்பிடாமல்கூடச் செய்திருக்கிறார்கள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க!" என்று கத்தினேன்.

"எங்க தெருவக் காப்பாத்தப் போற இரும்புங்க, ஓனர்" என்றார் ஆறுமுகம். "அழுக்கும் துருவுமா சாமி முன்னாடி வைக்க மனசு வரல."

அவரை எப்படித் திட்டுவது? ஆயுத பூஜை என்றால் இந்த ஊரில் மைன்ஸ் மெஷினிலிருந்து வீட்டு அரிவாள்மணை வரைக்கும் தேய்த்துத்தானே வைக்கிறோம்? துருவைத் துருவாகவே சாமி முன்னால் வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? அதே நேரத்துக்கு மேடம் வாளியோடு உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு மெதுவாக, "துரு எங்க போச்சு?"

ஆறுமுகம் பின்பக்கத்துச் சாக்கடையைக் காட்டினார். மேடம் போய்ப் பார்த்தார். துருத்தூள் மண்ணெண்ணெயோடு சேர்ந்து வழவழவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலைமையிலும், "இந்தச் சாக்கடை எங்க போவுது?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் ஆறுமுகத்துக்குத் தான் செய்தது புரிந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

வானம் மைன்ஸ் மண்மேட்டுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. உடனே வேலையை ஆரம்பிக்கலாம் என்றால், பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. "துரு ஆயுதம் இல்லையே, எடுக்கலாம்" என்றேன் நான். "துருவாத்தான் இல்லையே இப்ப" என்றான் ஒருத்தன். வாக்குவாதம் முற்றிப் பொரித் தட்டு கவிழ்ந்தது. கடைசியில் மேடமே, "வுடுங்க, நாளைக்கிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கீழே கொட்டிய பொரியைத் தவிர்த்து மிச்சத்தை வாங்கித் தின்றார்.

விஜயதசமி அன்று ஊரெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, நாங்கள் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டிருந்தோம். முந்திரிக்கொட்டை ஓடுகளை மூட்டையாகக் கொட்டி நெருப்பு வைத்து, கிரீஸ் எல்லாம் எரிகிற வரை சுருளை வாட்டினோம். புகை தெருவையே மறைத்தது. பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு உப்புத் தண்ணீர். அக்கம்பக்கத்து வீடுகளில் கல்லுப்பு கேட்டு அலைந்தேன். "பட்டறைக்கு எதுக்கு உப்பு?" என்றாள் என் மனைவி. "துருப்புடிக்க வைக்கணும்." அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உப்பைக் கொடுத்தாள்.

இரும்பு நல்ல ஜாதி. நாலாம் நாளே சிவந்துவிட்டது. அள்ளிக்கொண்டு போகலாம் என்றால், உப்பை அலசாமல் ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார் மேடம். அலசினோம். அலசிய தண்ணீரை ஊற்றப் போனேன்.

"அது எங்க போவுது?"

"தல மேல ஊத்திக்கறேன், போதுமா?" என்றேன். நிஜமாகவே கோபம்தான். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். தலையில் ஊற்றினாலும் அது எங்கே போகும் என்று யோசித்திருப்பார்.

துருவும் மணலுமாகத் தொட்டியை நிரப்பினோம். மழை அதிகமானால் மிஞ்சியது வழிந்து போகத் தொட்டியின் மேல்பக்கம் ஒரு வாய் விட்டிருந்தார் மேடம். முடித்துக்கொண்டு நானும் அவரும் திரும்பினோம். ஆறுமுகம் வேலை இருக்கிறது என்று அங்கேயே நின்றுகொண்டார்.

மறுநாள் பெய்தது பாருங்கள் மழை! மத்தியானம் ஆறுமுகத்தின் போன்: "ஓனர், ஒடனே மேடத்த இட்டுகினு வாங்க. தொட்டிய ஒடைக்கப் போறாங்க." பைக்கில் நனைந்துகொண்டு போய் இறங்கினோம். வயலில் தண்ணீர் தேங்கி நாற்று முழுகிக் கிடந்தது. தம்பி மம்பட்டியோடு நின்றார். ஆறுமுகம் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"டேய் ஆறுமுகம், ஏந்திரிடா! என் பயிரு போவுது!" தம்பி ஆறுமுகத்தைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். வாய்க்காலில் இறங்கினார். ஆறுமுகத்தின் பக்கத்தில் போய்த் தொட்டிமேல் உட்கார்ந்தார். ஹேண்ட்பேக்கை மடியில் வைத்து, குடையை விரித்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்த விதம்.

"யக்கா, எழுந்துடு. தண்ணி போவல, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. ஏன் போவல?" என்று கேட்டுவிட்டு, குடையை ஆறுமுகத்திடம் கொடுத்து, குனிந்து அந்த மேல்வாயில் தோள்வரைக்கும் கையை விட்டார். துழாவினார். இழுத்தார். வந்தது ஒரு சாமந்தி மாலை. அதன் பின்னால் இரண்டு வாழையிலை. அதன் பின்னால் பாதி தேங்காய்.

ஆறுமுகம் மழையில் தலையைக் குனிந்துகொண்டார். "புதுசா கட்டுனதாச்சே, படைக்காம எப்படிங்க..." என்றார்.

தண்ணீர் கடகடவென்று வழிய ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் நாற்று தலையைக் காட்டியது. தம்பி மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மேடம் அந்தத் தேங்காயைக் கழுவி ஆறுமுகத்திடம் கொடுத்தார். இரண்டு பேரையும் அங்கேயே திட்டித் தீர்த்தேன்.

மாட்டுப் பொங்கலுக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன். ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. ஏரி ஒன்றும் பளிங்காகிவிடவில்லை. நடுவில் பாசி இருந்தது. ஆனால் வடிகால் விழுகிற பக்கம் அடிமண் தெரிந்தது, குஞ்சு மீன்கள் திரிந்தன. காளையை இறக்கித் தேய்த்தார்கள். ஆறுமுகம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி அவரை உலுக்கி, "பாருய்யா, பாரு" என்றாள். காளை வெள்ளையாகத்தான் ஏறியது.

"வாலு பச்சயா இருக்குதே" என்றார் தம்பி.

"வாலுக்காகவா மண்டபம் கட்டுவ?" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். ஊர் சிரித்தது. போன வருஷச் சிரிப்பில்லை இது. தம்பியும் சிரித்துவிட்டார். மண்டபப் பேச்சு அன்றோடு நின்றது. கோடையில் மேடம் வந்து, தொட்டியில் இருந்த பழைய துருமணலை அள்ளித் தம்பி வயலிலேயே கொட்டவைத்தார். "துரு புடிச்சு வச்சது ஒன் உரந்தான், எங்கேந்து வந்துச்சோ அங்க போவட்டும். டிஏபிய ரெண்டு மூட்ட கொறச்சிக்கோ" என்றார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் நின்றார்.

அந்தக் கோடையிலேயே மேடம் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்த டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் அது உண்டு. சாமான் ஏற்றிய வண்டி பட்டறை வாசலில் நின்றது, இறங்கி வந்தார். சொல்லிக்கொண்டு போக வந்தவர், லேத்துக்கு அடியில் கிடந்த சுருளைப் பார்த்து, "அந்த லாரி எங்க போவுதுன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். போன பிறகுதான் உறைத்தது, அவர் எங்கே போகிறார் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவே இல்லை. வெட்கக்கேடு.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். வெயில் ஏறுகிற நேரம். வாசலில் யாரோ வந்து நின்றார்கள். வேட்டி, சட்டை, கையில் பிளாஸ்டிக் வாளி. மேடத்தின் தம்பி.

உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். நான் ஸ்டூலைப் போட்டேன். "அக்கா எங்க இருக்காங்க?" என்றேன்.

"பையன் கூட பெங்களூர்ல. அடுக்குமாடி வூடு. அங்க தண்ணி எங்க போவுதுன்னு கேட்டு வாட்ச்மேனோட தெனமும் சண்டையாம்" என்றார். "எனக்கும் பொழுது விடிஞ்சா போன் பண்ணிகினே இருக்குது. துரு வாங்கிட்டியா, துரு வாங்கிட்டியான்னு."

பிறகு உட்காராமலே, லேத்தில் நின்ற ஆறுமுகத்தின் பக்கம் போனார். வாளியை அவர் காலடியில் வைத்தார். ஆறுமுகம் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஆறுமுகண்ணே" என்றார் தம்பி. "இந்த தடவ தொடச்சிடாதீங்க."